நடு ஸ்பீக்கரின் கதை
அம்மாவுக்குக் காது மந்தம், டிவி வசனம் புரியவில்லை. எந்த ஹோம் தியேட்டர் வாங்கலாம் என்று பாலக்கோட்டு மாணவன் கேட்டான். வாத்தியாரிடம் கேட்டால் வரலாறுதானே வரும்!

தர்மபுரிப் பக்கத்து டென்ட் கொட்டகைகளில் ஸ்பீக்கர் திரைக்குப் பின்னால்தான் இருக்கும். வசனம் நடிகர் வாயிலிருந்தே வருவதுபோல் கேட்கும். 1995 தீபாவளிக்கு ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவில் வந்தபோது பக்கச் சுவர்களும் பேசின. 2012இல் ‘சிவாஜி 3டி’ அட்மாஸில் வந்து, கூரையும் பேசியது. ஆனாலும் வசனம் இன்றும் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான்.

5.1 என்றால் 5 ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். கடைக்காரர் சப்வூஃபரை அதிரவிட்டு மயக்குவார். தம்பி, அம்மாவுக்கு இடிமுழக்கம் எதற்கு? குறைந்த சத்தத்தில் வசனக் காட்சி போடச் சொல். நடு ஸ்பீக்கர் ஒலியை மட்டும் தனியாகக் கூட்ட முடிகிறதா என்றும் பார்.