கிராபிக்ஸ் கார்டு தட்டுப்பாடு: காத்திருப்பதா, வாங்குவதா?

மும்பை: விக்ரோலி போன்ற புறநகர்ப் பகுதிகளில் அனிமேஷன், வீடியோ எடிட்டிங் கற்கும் இளைஞர்களுக்கு கிராபிக்ஸ் கார்டு என்பது பல மாதச் சேமிப்பு. தாதரில் ரயில் மாறி கிராண்ட் ரோடு இறங்கி, கணினிச் சந்தையான லாமிங்டன் சாலைக்குச் செல்வோர், தட்டுப்பாட்டுக் காலங்களில் 'இருப்பு இல்லை' என்ற பதிலுடன் திரும்ப நேரிடுகிறது. அடுத்த மாடல் குறித்த வதந்திகள் குழப்பத்தை மேலும் கூட்டுகின்றன.

தட்டுப்பாடு ஏன்?

கார்டின் மையமான ஜிபியு சிப்பை என்விடியா, ஏஎம்டி நிறுவனங்கள் வடிவமைக்கின்றன. அவற்றுக்குச் சொந்தச் சிப் ஆலைகள் இல்லை. தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனமே தற்போது முக்கியத் தயாரிப்பாளர். செயற்கை நுண்ணறிவு தரவு மையங்களுக்கான சிப்புகளும் அங்கேயே தயாராகின்றன. நினைவகச் சிப் சந்தை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் வசம் உள்ளது. நுகர்வோருக்கான 'குரூஷியல்' நினைவக வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்தது.

முந்தைய அனுபவம்

2020 செப்டம்பர் 17-ஆம் தேதி 699 டாலர் விலையில் வெளியான ஆர்டிஎக்ஸ் 3080 சில நிமிடங்களில் விற்றுத் தீர்ந்தது. கொரோனா காலத் தேவையும், எத்தீரியம் கிரிப்டோ நாணயச் சுரங்கமும் தட்டுப்பாட்டை நீட்டித்தன. 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் சுரங்க முறையைக் கைவிட்ட பின், சுரங்கத்தில் ஓய்வின்றி இயங்கிய கார்டுகள் மறுவிற்பனைக்கு வந்தன.

அறிவிப்பும் மாறலாம்

வதந்தி மட்டுமல்ல, அதிகாரபூர்வ அறிவிப்பும் மாறியதுண்டு. 2022 செப்டம்பரில் 899 டாலர் விலையில் அறிவிக்கப்பட்ட 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 4080 மாடலை, பெயர் குழப்பம் தருவதாகக் கூறி அக்டோபர் 14-ஆம் தேதி என்விடியா திரும்பப் பெற்றது. அதே கார்டு 2023 ஜனவரியில் ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வெளியானது. காத்திருந்தோருக்கு 100 டாலர் மிச்சமானது. ஆனால், 2020-இல் விலை குறையும் எனக் காத்திருந்தோர் இரண்டு ஆண்டுகள் வரை பொறுக்க நேர்ந்தது.

வாங்குவோர் கவனத்துக்கு

* கசிந்த தகவலை நம்பி, கைவசம் உள்ள பழைய கார்டை முன்கூட்டியே விற்க வேண்டாம்.
* நிறுவனம் அறிவித்த இந்திய விலையுடன் கடை விலையை ஒப்பிடவும். டாலர் விலையை ரூபாய்க்கு மாற்றி மட்டும் கணக்கிடக் கூடாது. இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும்.
* ஜிஎஸ்டி ரசீதில் கார்டின் வரிசை எண் இடம்பெற வேண்டும். உத்தரவாதச் சேவை இந்தியாவில் கிடைக்குமா என்பதைக் கேட்டறியவும்.
* இருப்பு வரும் முன் முழுத் தொகையையும் முன்பணமாகச் செலுத்துவதைத் தவிர்க்கவும்.
* பழைய கார்டு எனில், கடையிலேயே கணினியில் பொருத்தி இயக்கிப் பார்த்த பின்னரே பணம் தரவும்.

படிப்புக்கோ தொழிலுக்கோ கார்டு உடனடியாகத் தேவைப்படுவோர், அறிவிக்கப்பட்ட விலையில் கிடைப்பதை வாங்குவது நல்லது. பொழுதுபோக்குக்கு மட்டும் எனில் பொறுத்திருப்பதில் நட்டமில்லை.