மணிலா வழியா வந்த கைப்பிடிக் கடலை

1/ ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கிற தம்பி, தங்கைகளே! மாசக் கடைசி, கையில காசு இல்ல, ராத்திரி பத்து மணிக்குப் பசி. என்ன சாப்பிடுறீங்க? சிப்ஸா? வேர்க்கடலையோட கதையைக் கேளுங்க.

2/ அது பிறந்தது தென் அமெரிக்காவில். ஐரோப்பியர்களின் கப்பலேறி உலகம் சுற்றியது. விழுப்புரம் பக்கம் "மல்லாட்டை"ன்னு சொல்வாங்களே, அது "மணிலாக்கொட்டை" மருவி வந்த பேரு. பிலிப்பைன்ஸின் மணிலா நகரம் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

3/ 19-ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் விளைந்த கடலை, புதுச்சேரி துறைமுகம் வழியாக பிரான்சின் மார்சேய் நகருக்குப் போனது. எதுக்கு? எண்ணெய்க்கும் சோப்புக்கும்!

4/ ஆனா நமக்கு வேண்டியது அதிலுள்ள புரதம். 100 கிராமில் சுமார் 25 கிராம். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் சாப்பிட்டா, ஒரு முட்டைக்குச் சமமான புரதம் கிடைக்கும். நார்ச்சத்தும் இருக்கு, சீக்கிரம் பசிக்காது. கலோரி சுமார் 170. அதனால கைப்பிடியோட நிறுத்துங்க.

5/ ஒரு எச்சரிக்கை. 1960-ல் இங்கிலாந்தில், பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்தன. அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுசா போகாது. கசந்தா துப்பிடுங்க, பூஞ்சை தெரிஞ்சா கொட்டிடுங்க.

6/ கடலை அலர்ஜி இருக்கிறவங்க தொடவே கூடாது. மத்தவங்க ஈரம் புகாத டப்பாவில் வறுகடலை வைங்க. கூட ஒரு வாழைப்பழம். மாசக் கடைசியிலும் கட்டுப்படியாகும்!