புல்போன்ஜ் என்றொரு பானம்

கோடை வந்தால் பேரப்பிள்ளைகள் வீட்டிலேயே பழ ‘பஞ்ச்’ கலக்குகிறார்கள். பெயர்தான் மேல்நாட்டுப் பெயர்போல ஒலிக்கிறது. 1632-இல், இந்தியாவிலிருந்த ஆங்கிலக் கம்பெனியார் கடிதத்திலேயே அது வந்துவிட்டது. சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், வாசனைப்பொருள் என ஐந்து சேர்வதால் ‘பஞ்ச’ என்பதே ‘பஞ்ச்’ ஆயிற்று என்பர் பலர்.

முகலாயர் நாட்டில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியே, வங்காளத்தில் கண்ட இதை ‘புல்போன்ஜ்’ என்று எழுதினார். வெல்லச் சாராயம், எலுமிச்சைச் சாறு, தண்ணீர், கொஞ்சம் ஜாதிக்காய். நாவுக்கு இனிது, உடம்புக்குக் கேடு என்பது அவர் தீர்ப்பு. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் மாலுமிகளை அதிகம் குடிக்க விடாததால் சாவு குறைந்தது என்றும் குறித்திருக்கிறார்.

ஆகவே சாராயத்தை நீக்கி அன்னாசிச் சாறு ஊற்றுங்கள். கணக்கு ஐந்தாகவே நிற்கும். வைத்தியரும் கோபிக்க மாட்டார்.