கயிறு போன ஜன்னல்

போன போகிக்கு நாலு நாள் முன்னாடி நடந்தது. நான் மாடி ரூமில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். கீழே ஹாலில் 'தொம்'மென்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா தரையில் உட்கார்ந்து இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். டைனிங் டேபிள் மேல் ஸ்டூல் போட்டு, அதன் மேல் ஏறி, ஹாலில் பத்தடிக்கு மேலே இருக்கும் கண்ணாடியைத் துடைத்திருக்கிறார்.

ஆறு வாரம் மாவுக்கட்டு. அவர் போய்க்கொண்டிருந்த மற்ற மூன்று வீட்டு வேலையும் நின்றது. வைத்தியச் செலவையும் அந்தச் சம்பளத்தையும் நாங்கள் கொடுத்தோம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடியை அங்கே வைக்கச் சொன்னதே நான்தான். வீடு கட்டும்போது மேஸ்திரி கேட்டார், "சார், இதை எப்படித் தொடைப்பீங்க?" பாத்துக்கலாம் என்றேன்.

எட்டாத உயரத்தில் ஜன்னல் வைக்கும் பழக்கம் நம் வீடுகளுக்கு எப்படி வந்தது, அந்தக் காலத்தில் யார் எப்படித் துடைத்தார்கள் என்று அப்புறம்தான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் சொல். 'ஜன்னல்' போர்ச்சுகீசிய 'ஜனெலா'விலிருந்து வந்தது. 'சாளரம்' வடமொழித் தொடர்பு உடையது. சிலப்பதிகாரத்தில் வரும் சொல் 'காலதர்'. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. அந்தப் பெயரில் காற்றுதான் இருக்கிறது, கண்ணாடி இல்லை. திருமழிசையில் எங்கள் தாத்தாவின் ஓட்டு வீடும் அப்படித்தான். வெளிச்சம் முற்றத்திலிருந்து வரும். சுவர் உச்சியில் இருந்தவை வெறும் துவாரங்கள். வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் முன், மூங்கில் கழியில் கட்டிய ஒட்டடைக் குச்சியால் தரையில் நின்றபடியே பாட்டி தட்டிவிடுவார். யாரும் எதன் மேலும் ஏறியதாக எனக்கு ஞாபகமில்லை.

கூரையை ஒட்டி, வரிசையாக, கதவு போட்ட ஜன்னல் வைப்பது நம் பக்கம் பரவியது வெள்ளைக்காரர்களின் பங்களாக்கள், படைமுகாம்கள் வழியாக. சூடான காற்று மேலே போகும், அதை வெளியேற்ற வழி வேண்டும். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் சுகாதார நிலையை விசாரித்த ராயல் கமிஷன் 1863-ல் அறிக்கை கொடுத்தது. அதன் பின்னால் பெரிய பங்கு ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலுடையது. காற்றோட்டம் அப்போது உயிர்ப் பிரச்சினை.

அந்த வெண்டிலேட்டரில் எனக்குப் பிடித்த விஷயம் அதன் கயிறு. பழைய அரசுப் பள்ளியிலோ பழைய ஆஸ்பத்திரியிலோ நீங்களும் பார்த்திருக்கலாம். சட்டம் நடுவில் ஒரு அச்சில் சுழலும். கயிற்றைக் கீழிருந்து இழுத்தால் மேல் பாதி அறைக்குள் சாயும், கீழ்ப் பாதி வெளியே தள்ளும். மழைத்தண்ணீர் சரிந்து வெளியே போய்விடும். கயிற்றைச் சுவர்க் கொக்கியில் சுற்றிவிட்டால் முடிந்தது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. மேல் பாதியின் வெளிப்பக்கம் அறைக்குள் வந்துவிடுவதால், துணி சுற்றிய ஒரு நீளக் கழியால் அதையும் துடைக்கலாம். எங்கள் பாஷையில் சொன்னால், மெயின்டனன்ஸையும் யோசித்த டிசைன்.

கயிறு ஏன் போனது? மின்விசிறியும் ஏசியும் வந்ததும் மேலே திறக்கும் வழி தேவைப்படவில்லை. கண்ணாடியும் மலிந்தது. பிரிட்டனில் 1845 வரை கண்ணாடிக்கு எடைக்கணக்கில் கலால் வரி இருந்தது. சின்னச் சின்னத் துண்டாகப் பதிப்பதுதான் வழக்கம். உருகிய தகரத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுப் பெரிய தகடாக எடுக்கும் முறையை பில்கிங்டன் நிறுவனம் 1959-ல் அறிவித்தது. அந்த முறையில் இயங்கும் செயின்ட் கோபைன் ஆலை 2000-ல் ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கியது, எங்கள் ஊரைத் தொட்டுப் போகும் அதே பெங்களூர் நெடுஞ்சாலையில். பெரிய தகடு கிடைத்ததும் என்னைப் போன்றவர்கள் அதை உச்சியில் வைத்து அசையாமல் அடைத்துவிட்டோம். ஜன்னல் இருக்கிறது, காலதர் இல்லை.

தேடியதில் என்னை நிறுத்திய விஷயம் வேறு. 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, வேலை செய்யும் அறைக்கு வெளிச்சம் தரும் கண்ணாடி ஜன்னல்களை உள்ளும் வெளியும் சுத்தமாக வைக்கவேண்டும் என்றது. 32-ஆவது பிரிவு, விழக்கூடிய உயரத்தில் வேலை செய்கிறவருக்குத் தடுப்போ வேறு பாதுகாப்போ, முடிந்தவரை, செய்துதர வேண்டும் என்றது. எங்கள் சிட்கோ எஸ்டேட் ஷெட்டின் உயர ஜன்னலுக்கு விதி எழுதியாகிவிட்டது. ஷெட்டுகளைத் தாண்டி இருக்கும் என் ஹால் ஜன்னலுக்கு அது பொருந்தாது. வீடு தொழிற்சாலை இல்லையே! அதே துணி, அதே உயரம், அதே கீழே விழும் உடம்பு.

இப்போது எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்பதையும் எழுதிவிடுகிறேன். டேபிள் மேல் ஸ்டூல் கிடையவே கிடையாது. பதினெட்டு அடி நீளும் கம்பும், மாட்டிக் கழற்றும் மைக்ரோஃபைபர் துணியும், வைப்பரும் வாங்கினோம். (லேசான பித்தளைச் சட்டத்தில் ஒற்றை ரப்பர் வைத்த வைப்பரை 1936-ல் கொண்டுவந்தவர் எட்டோரே ஸ்டெக்கோனே. இத்தாலியிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போய்க் கண்ணாடி துடைத்துப் பிழைத்தவர்.) முதலில் காய்ந்த தூசியைத் தட்டவேண்டும். இல்லாவிட்டால் நெடுஞ்சாலைப் புழுதி சேறாகி இழுபடும். சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் கம்பையே தூக்கவேண்டும். வாளியில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு போதும். கடைசித் துடைப்புக்கு போர் தண்ணீர் ஆகாது, உப்புப் படியும். நான் புத்திசாலித்தனமாக ஆர்ஓ கழிவுநீரைப் பயன்படுத்தினேன். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கும் என்பது கண்ணாடி வெள்ளைவெள்ளையாக ஆனபிறகு உறைத்தது! ஆர்ஓவின் நல்ல தண்ணீரில் அரை மக் போதும். ஏணி வேண்டியே வந்தால் நாலுக்கு ஒன்று கணக்கு. பன்னிரண்டு அடியில் சாய்த்தால் அடிப்பக்கம் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி இருக்கணும், கீழே ஒருவர் பிடிக்கணும்.

கட்டுப் பிரித்து அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று கம்பைக் காட்டினேன். கையில் வாங்கி நீட்டிப் பார்த்தார். "இது ஒட்டடைக் குச்சிதானே தம்பி, இதுக்கா இவ்ளோ ரூபா?" என்றார். கம்பை இப்போது நான்தான் பிடிக்கிறேன். உள்பக்கம் பளிச்சென்று இருக்கிறது. வெளிப்பக்கம் இன்னும் அப்படியேதான். நடு அச்சில் சுழலும் சட்டம் போட அலுமினிய வேலைக்காரர் அளவெடுத்துப் போயிருக்கிறார். கயிறு வேண்டும் என்றதும் ஒரு மாதிரி பார்த்தார்.