புவி ஓட்டில் பிளவுகள் உருவாவது எப்படி? கட்ச் நிலம் காட்டும் சான்று

1819 ஜூன் 16 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில், சமவெளியான ரண் உப்புச் சதுப்பு நிலத்தின் குறுக்கே சுமார் 80 கி.மீ. நீளத்துக்கு நிலம் மேடாக எழுந்தது. சில இடங்களில் அதன் உயரம் 6 மீட்டரை எட்டியதாகக் கணிக்கப்படுகிறது. மனிதர் கட்டாத இக்கரையை மக்கள் ‘அல்லா பந்த்’, அதாவது இறைவனின் அணை, என அழைத்தனர். அதன் தெற்கே நிலம் தாழ்ந்து, சிந்திரி கோட்டை நீரில் மூழ்கியது.

பாறையில் விழும் விரிசல்கள் அனைத்தும் ‘பிளவுப்பெயர்ச்சி’ ஆகிவிடுவதில்லை. விரிசலின் இருபுறப் பாறைகளும் ஒன்றையொன்று கடந்து நகர்ந்திருந்தால் மட்டுமே புவியியலாளர்கள் அப்பெயரைப் பயன்படுத்துகின்றனர். கண்டத்தட்டுகளின் நகர்வால் பாறை நெடுங்காலம் சிறுகச் சிறுக வளைகிறது. தாங்கும் வலிமையை விசை மிஞ்சியதும் உடைந்து நழுவுகிறது. அதுவரை சேர்ந்திருந்த ஆற்றல் நொடிகளில் வெளிப்படுகிறது. மிகு ஆழத்தில் வெப்பம் அதிகமாதலால், அங்குள்ள பாறை உடையாமல் மெல்ல நெளிந்து கொடுக்கும்.

நிலம் இழுபட்டால் ஒரு பக்கம் கீழே சரியும். நெருக்கப்பட்டால் ஒரு பக்கம் மற்றொன்றின் மீது ஏறும். லடாக்கின் காரகோரம் பிளவில் போல, பக்கவாட்டில் உரசி நகர்வதும் உண்டு.

கட்ச்சின் வரலாறு சற்றுச் சிக்கலானது. கோண்டுவானா பெருங்கண்டம் உடைந்த காலத்தில் இப்பகுதி இழுபட்டுப் பிளந்தது. பின்னர் இந்தியத் தட்டு ஆசியாவின் மீது மோதியது. இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5 செ.மீ. வடக்கு நோக்கி நகர்கிறது. அந்த நெருக்கத்தால், அன்று கீழே சரிந்த பிளவுகளே இப்போது எதிர்த்திசையில் நகர்கின்றன. புதிய பாறையை உடைப்பதைவிடப் பழைய பிளவில் நழுவுவது எளிது. இமயமலையிலிருந்து வெகு தொலைவில் இருந்தும் கட்ச் அடிக்கடி அதிர்வதற்கு இது முக்கியக் காரணம்.

2001 ஜனவரி 26 காலை, குடியரசு தின விழாக்களுக்கு இடையே, பூஜ் நிலநடுக்கம் 13,000-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன் அளவு 7.7. இவ்வளவு பெரிய அதிர்விலும் அல்லா பந்த் போன்ற மேடு எதுவும் எழவில்லை. உடைப்பு தரைமட்டத்துக்கு வராமல் ஆழத்திலேயே நின்றுவிட்டது. பின்னதிர்வுகள் நிகழ்ந்த இடங்களையும் ஆழத்தையும் குறித்த பிறகே, தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கும் அப்பிளவின் வடிவம் புலப்பட்டது.

தரையில் தெரியும் பிளவாயின், குறுக்கே அகழி வெட்டி, இடம்பெயர்ந்த மண்ணடுக்குகளின் வயதைக் கொண்டு முந்தைய நிலநடுக்கங்களைக் கணக்கிடலாம். புதைந்த பிளவுகளுக்கு அவ்வழி கைகொடுப்பது அரிது. நில அதிர்வுமானிகளின் பதிவுகளையும், நிலத்தின் நுண்ணிய நகர்வைச் செயற்கைக்கோள் வழி அளப்பதையுமே அங்கு பெரிதும் நம்ப வேண்டியுள்ளது.