விண்ணிலிருந்து மீண்ட கலம்

1980ஆம் ஆண்டு ரோகிணி என்னும் துணைக்கோளைத் தன் சொந்த ஏவுகலத்தால் சுற்றுப்பாதையில் நிறுத்திய நாள்முதல் இந்தியா விண்ணுக்கு அனுப்பியவை பல. ஆயின் அவற்றுள் ஒன்றேனும் மீண்டு வந்ததில்லை. அமெரிக்கர் 1960இலும் சீனர் 1975இலும் கைக்கொண்ட அக்கலை இந்தியருக்கு வாய்க்க 27 ஆண்டுகள் சென்றன.

2007 சனவரி 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி.-சி7 ஏவுகலம் எழுந்தது. அது சுமந்தவற்றுள் ஒன்று, எஸ்.ஆர்.இ.-1 எனப்பெற்ற 550 கிலோகிராம் எடையுள்ள மீட்புக்கலம். நம் அண்டை நாடாகிய இந்தோனேசியாவின் சிறு துணைக்கோளொன்றும் உடன்சென்றமை நம்மவர் பலர் அறியாத செய்தி.

விண்ணில் பொருள்கள் மிதப்பது ஏன் என்று காஹாங்கில் நம் மாணாக்கரைக் கேட்டால், "அங்கே புவியீர்ப்பு இல்லை, ஐயா" என்பர். அக்கலம் சுற்றிய ஏறத்தாழ 637 கிலோமீட்டர் உயரத்திலும் புவியீர்ப்பு நிலத்தில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாது. கலமும் அதனுள் உள்ளவையும் ஓயாது ஒன்றாக வீழ்ந்துகொண்டே புவியைச் சுற்றுவதால்தான் எடையின்மை தோன்றுகிறது. இந்நிலையில், உருகிய உலோகக் கலவையில் கனமானது அடியில் தங்குவதும் இலேசானது மேலெழுவதும் பெரிதும் நின்றுவிடும். வெப்பத்தால் எழும் நீரோட்டம் போன்ற சுழற்சியும் அடங்கும். படிகங்கள் சீராக வளரும். மாந்தர் நடமாடும் விண்வெளி நிலையத்திலோ சிறு அதிர்வுகள் ஓய்வதில்லை. ஆளற்ற சிறுகலத்தின் அமைதியே இத்தகைய ஆய்வுக்கு ஏற்றது.

எஸ்.ஆர்.இ.-1இல் ஆய்வுகள் இரண்டு. ஒன்று, சிறு உலையில் உலோகக் கலவையை உருக்கிப் படிகமாக்குவது. மற்றொன்றில் ஜாம்ஷெட்பூர் தேசிய உலோகவியல் ஆய்வகம் பங்குகொண்டது. உயிரினங்கள் எலும்புத் தாதுவை ஆக்கும் முறையைப் பின்பற்றி நுண்படிகங்களை உருவாக்குவது அதன் நோக்கம். வானொலி அலைவழி எண்களைப் பெறலாம். படிகத்தைப் பெற இயலுமோ? அதனைக் கையிலெடுத்து நுண்ணோக்கியின்கீழ் வைத்தாக வேண்டும். கலம் எரிந்துபோயின் பன்னிரு நாள் உழைப்பும் சாம்பலே.

சனவரி 22 காலை, கலத்தின் முகத்தைத் திருப்பி, உந்துபொறிகளை இயக்கி வேகம் குறைத்தனர். ஆயினும் அது வளிமண்டலத்துள் புகுந்தபோது வேகம் நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அவ்வெப்பத்தைச் சிலிக்கா ஓடுகள் தாங்கின. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் வான்குடைகள் விரிந்தன. ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே 140 கிலோமீட்டர் தொலைவில், வங்கக்கடலில் கலம் மிதந்தது. கடலோரக் காவற்படையினர் மீட்டனர்.

அதே ஆண்டு அக்டோபரில் நம் நாட்டு மருத்துவர் சேக் முஸாஃபர் சுக்கோர் ரஷ்யக் கலமேறி விண்வெளி நிலையம் சென்று, புரதப் படிக ஆய்வும் செய்து திரும்பினார். அப்பயணத்தை நம் மாணாக்கர் அறிவர். ஆளற்ற அக்கலத்தை அறியார்.

எஸ்.ஆர்.இ.-2 திட்டமிடப்பெற்றும் ஏவப்படவில்லை. எனக்கு அது வருத்தமே. எனினும் 2014 டிசம்பர் 18ஆம் நாள், மாந்தர் ஏறுதற்குரிய கலத்தின் ஆளற்ற மாதிரியொன்று 126 கிலோமீட்டர் உயரம் சென்று மீண்டு அந்தமான் அருகே கடலில் இறங்கியது.