நெல் வயல்களில் பெருகும் மூளைக்காய்ச்சல் கொசுக்கள்: 'காய்ச்சலும் பாய்ச்சலும்' கட்டுப்படுத்துமா?

புதுதில்லி: ஜப்பானிய மூளைக்காய்ச்சலைப் பரப்பும் 'கியூலெக்ஸ் டிரைடீனியோரிங்கஸ்' கொசுக்களின் முதன்மையான இனப்பெருக்க இடம் நீர் தேங்கிய நெல் வயல்களே. எனவே, வீடுகளைச் சுற்றிப் புகையடிப்பதால் மட்டும் இவற்றை ஒழிக்க இயலாது.

இந்தியாவில் மனிதர்களிடம் இந்நோய் முதன்முதலாக 1955-ஆம் ஆண்டில் வேலூர் பகுதியில் கண்டறியப்பட்டது. 2005-இல் கோரக்பூரை உள்ளடக்கிய கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். பன்றிகளிலும் நீர்ப்பறவைகளிலும் பெருகும் வைரஸைக் கொசுக்கள் மனிதர்களிடம் கொண்டு சேர்க்கின்றன.

நடவுக்குப் பிந்தைய சில வாரங்களில், பயிர் குட்டையாக இருந்து வெயில் நீரில் படும்போது, கொசுப்புழுக்கள் மிகுதியாகக் காணப்படுகின்றன. தழைச்சத்து உரமிட்ட பின்னரும் அவை பெருகுவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. பூச்சிக்கொல்லிகளும் எதிர்விளைவை ஏற்படுத்தலாம். கொசுப்புழுக்களை உண்ணும் தும்பி இளம்பூச்சிகளையும் நீர்வாழ் வண்டுகளையும் அவை அழித்துவிடுகின்றன.

வெப்பமான காலத்தில் புழு முதிர்ந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் ஆகும். அதற்குள் வயலை உலரவிட்டு மீண்டும் நீர் கட்டுவதே 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை. பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் குறையக்கூடாது. நீரும் மிச்சமாகும். ஆனால் கால்தடக் குழிகளில் நீர் எஞ்சினால் புழுக்கள் பிழைத்துக்கொள்ளும். கம்பூசியா போன்ற மீன்களை விடும் வயல்களில் இம்முறை பொருந்தாது. வயல் காய்ந்தால் மீன்களும் மடியும்.

உண்மையான சிக்கல் மடையில் இருக்கிறது. வயலுக்கு வயல் நீர் பாயும் கால்வாய்ப் பாசனத்தில் ஒருவர் மட்டும் தம் வயலை உலரவிட முடிவதில்லை. வடித்த நீர் மீண்டும் கிடைக்குமா என்ற அச்சம் கடைமடை விவசாயிகளுக்கு அதிகம். நீர் வரத்து உறுதியாக உள்ள, ஊரே ஒன்றாகச் செயல்படும் இடங்களில்தான் இது பலனளிக்கும்.

மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள், நீர் மேலாண்மையுடன் வேப்பம் பொருள்களையும் சேர்த்துப் பயன்படுத்தி வயல்களில் கொசுப்புழுக்கள் குறைவதை 1990-களிலேயே பதிவு செய்துள்ளனர். உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதற்கும் 2015-இல் கட்டாயமாக்கப்பட்ட வேம்புப் பூச்சை இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. தழைச்சத்து விரயத்தையும் யூரியா கடத்தலையும் தடுப்பதே அதன் நோக்கம்.

நோய் பாதிப்புள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு 9 முதல் 12 மாதங்களுக்குள் ஒரு தவணையும், 16 முதல் 24 மாதங்களுக்குள் மற்றொரு தவணையும் தடுப்பூசி செலுத்தப்படுகிறது.